சூளையும் உரிமமும்: வரலாறு தரும் பாடம்

விருத்தாசலத்தின் பெயர் சொன்னால் பீங்கான் நினைவுக்கு வரும். பொம்மைகளும் மின்சாதனங்களுக்குரிய பீங்கான் பாகங்களும் அங்குள்ள சிறு சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. சூளை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதன் புகையும் நெருப்பும் அண்டை வீட்டாரையும் தொடுகின்றன. இத்தகைய தொழில்களுக்கு நகராட்சியின் உரிமம் வேண்டும் என்ற விதி பிறந்த காரணம் இதுவே.

சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடைமைக்கோ ஆபத்து விளைக்கக்கூடிய தொழில்களை உரிமமின்றி நடத்துவதைக் குற்றமாக்கியது. மீறியவர் நடுவர் மன்றத்தில் நின்று அபராதம் செலுத்த வேண்டும். மீறல் தொடர்ந்தால் நாள்தோறும் அபராதம் கூடும். ஒரு நூற்றாண்டு கடந்து, 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

ஆனால், தண்டிக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கைரானா நகரில் ரஷீத் அகமது என்பவர் காய்கறி மொத்த வணிகம் செய்துவந்தார். உரிமமின்றி அவ்வணிகம் செய்யலாகாது என நகராட்சி துணைவிதி இயற்றியது. உரிமம் வழங்க வழி வகுக்கவில்லை. வணிகத்தின் முழு உரிமையையும் வேறொருவருக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டு, ரஷீத் அகமதின் மீது வழக்கும் தொடுத்தது. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆன 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உரிமம் பெறவே வழியில்லாதபோது, உரிமம் கேட்பது முழுத்தடையே என்பது தீர்ப்பின் சாரம். 1952இல் ஜலாலாபாத் நகரின் முஹம்மது யாசீன் வழக்கிலும், சட்ட அதிகாரமின்றி விதித்த உரிமக் கட்டணம் செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

இந்தச் சமநிலை நமது மரபுக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் சந்தைக்குச் சென்று தானியக் குவியலுக்குள் கைவிட்டுச் சோதித்தார்கள். ஈரத்தை மறைத்து விற்றவரைக் கண்டித்தார்கள். பிற்காலத்தில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் எடையையும் அளவையையும் தெருவை அடைக்கும் கட்டடங்களையும் கவனித்தார். 11ஆம் நூற்றாண்டின் அறிஞர் இமாம் மாவர்தீ (ரஹ்) அப்பதவியின் கடமைகளை விரிவாக எழுதியதோடு, மறைவில் இருப்பதைத் துருவி ஆராய அவருக்கு உரிமையில்லை என்றும் வரம்பிட்டார். பொதுநலம் காக்க அதிகாரம் வேண்டும். அதற்கு வரம்பும் வேண்டும்.

ஆகவே, சூளையோ கடையோ உணவகமோ நடத்தும் நம் சகோதரர்கள் இரண்டையும் நினைவில் கொள்வது நன்று. உரிமத்தை உரிய காலத்தில் பெற்றுப் புதுப்பிப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தும் ஹக்கு. தீங்கு செய்யாமையும் தீங்குக்கு இடமளிக்காமையும் மார்க்கத்தின் அடிப்படை. விண்ணப்பம் காரணமின்றி மறுக்கப்பட்டால், எழுத்து மூலம் காரணம் கேட்பதும் மேல்முறையீடு செய்வதும் நமது உரிமை. விண்ணப்ப நகலையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ரஷீத் அகமது கையூட்டுக் கொடுத்து ஒதுங்கவில்லை. நீதியின் கதவைத் தட்டினார். ஹலாலான சம்பாத்தியத்துக்கு அதுவே நேரான வழி.