இரைப்பை வாதம்

இரைப்பை வாதம் (காஸ்ட்ரோபரேசிஸ்) என்பது, வழியில் அடைப்பு எதுவும் இல்லாதபோதும், இரைப்பையிலுள்ள உணவு சிறுகுடலைச் சென்றடைய வழக்கத்தை விட மிகுந்த நேரம் எடுக்கும் ஒரு நோய் நிலையாகும். வாதம் எனப்படினும், பெரும்பாலானோரில் இரைப்பை முற்றிலும் செயலிழப்பதில்லை. அதன் தசையியக்கம் நலிவடைகிறது. இதன் அறிகுறிகள் சாதாரண செரியாமையை ஒத்திருப்பதால், நோய் நெடுங்காலம் அறியப்படாமல் போகக்கூடும்.

இயல்பான செயற்பாடு

இரைப்பையின் மேற்பகுதி உணவைத் தேக்கி வைக்கிறது. கீழ்ப்பகுதி நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முறை சுருங்கி, உணவை அரைத்துக் கூழாக்கிச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. இவ்வியக்கத்தை வேகசு நரம்பும் இரைப்பைச் சுவரிலுள்ள சிறப்பு உயிரணுக்களும் ஒழுங்குபடுத்துகின்றன. இவை பழுதடையும்போது உணவு தேங்குகிறது. திட உணவே முதலில் தேங்கும். நீர்ம உணவு ஓரளவு எளிதாக வெளியேறும்.

காரணங்கள்

நீண்டகால நீரிழிவு நோய், வேகசு நரம்பைப் பாதிக்கும் அறுவைச் சிகிச்சைகள், பார்க்கின்சன் நோய் ஆகியன அறியப்பட்ட காரணங்களுள் சில. பலரில் காரணம் புலப்படுவதில்லை. அபின்வகை வலிநீக்கிகளும், நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுட்டைடு போன்ற மருந்துகளும் இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தக்கூடியவை.

அறிகுறிகள்

* சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல்
* உண்டு பல மணி நேரம் கடந்தும் வயிறு கனமாக இருத்தல்
* குமட்டல், வாந்தி
* மேல்வயிற்று வலி, உப்புசம், ஏப்பம்
* பசியின்மை, உடல் எடை குறைதல்

பல மணி நேரத்திற்கு முன் உண்ட உணவு செரிக்காத நிலையில் வாந்தியில் வெளிவருவது முக்கியமான தடயமாகும். உண்ட சில நிமிடங்களில் உணவு குமட்டலின்றி வாய்க்குத் திரும்புவது பெரும்பாலும் வேறொரு கோளாறைக் குறிக்கும்.

நீரிழிவு நோயாளிகளில்

1958 இல் பால் கசாண்டர் நீரிழிவு நோயாளிகளின் இரைப்பைத் தேக்கத்தை விவரித்தபோது, வயிற்றுத் தொல்லை ஏதும் இல்லாதவர்களிலும் அது காணப்படுவதைச் சுட்டினார். இத்தகையோரில் குருதிச் சர்க்கரையின் காரணமற்ற ஏற்றத்தாழ்வே முதல் அறிகுறியாக அமையலாம். உணவுக்கு முன் செலுத்திய இன்சுலின் செயற்படத் தொடங்கும் வேளையில் உணவு இரைப்பையிலேயே இருப்பதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது. உணவு பின்னர் குடலை அடையும்போது உயர்கிறது.

கண்டறிதல்

அறிகுறிகளின் கடுமையும் உணவு தேங்கும் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே அறிகுறிகளை மட்டும் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது. முதலில் உள்நோக்கிச் சோதனை மூலம் புண், கட்டி, அடைப்பு ஆகியன இல்லையென உறுதி செய்யப்படும். பின்னர், மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவு கொடுக்கப்பட்டு 4 மணி நேரம் படமெடுக்கப்படும். அதன் முடிவில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருப்பின் தாமதம் உறுதியாகிறது.

சிகிச்சை

கொழுப்பும் நார்ச்சத்தும் குறைந்த, நன்கு மசித்த உணவைச் சிறு அளவில் பலமுறை உண்பது பரிந்துரைக்கப்படுகிறது. மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகள் இரைப்பையின் இயக்கத்தைத் தூண்டுகின்றன. நீண்டகாலப் பயன்பாட்டில் இது கட்டுப்படுத்த இயலாத தசை அசைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. ஓயாத வாந்தி, வாந்தியில் குருதி, நீரிழப்பு, விரைவான எடைக் குறைவு ஆகியன தோன்றினால் உடனடியாக மருத்துவரை நாட வேண்டும்.