சப்வூஃபர் இணைப்பது எப்படி? இரைச்சல் வந்தா எர்த் பின்னை வெட்டாதீங்க!

திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டை, தறிச் சத்தத்துக்குப் பேர்போன நெசவாளர் ஊர். தறி நின்றதும் பாட்டு கேட்க பவர்டு சப்வூஃபர் வாங்கினால், முதலில் அதன் பின்பக்கத்தைப் பாருங்க.

இதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கு. எனவே ரிசீவரின் 'சப் அவுட்'டில் இருந்து சப்வூஃபரின் 'எல்எஃப்இ' அல்லது 'லைன் இன்'னுக்கு ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள் போதும். மாட்டும்போது ரெண்டும் ஆஃபில் இருக்கணும்.

பழைய ஸ்டீரியோவில் சப் அவுட் இல்லையா? சப்வூஃபரில் 'ஹை லெவல்' முனை இருந்தால், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒயரை அதில் கொடுக்கலாம். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. அதே ஒயரை ஆர்சிஏ துளையில் கொடுத்தால் சர்க்யூட் கெட்டுப்போகலாம்.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். ரிசீவரே பிரித்து அனுப்பினால், சப்வூஃபர் திருகியை அதிகபட்சத்தில் விட்டுடுங்க.

விடாமல் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? பெரும்பாலும் எர்த் லூப்தான். ரெண்டு பிளக்கையும் ஒரே சுவிட்ச் போர்டில் செருகுங்க. டிவி கேபிளைக் கழற்றிப் பாருங்க. இரைச்சல் நின்றால், அது வரும் வழி அதுதான். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவது சிலர் செய்யும் வைத்தியம். இரைச்சல் நிற்கலாம். ஆனால் மின்கசிவு ஏற்பட்டால், உலோகப் பாகத்தைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலி வரம்பு 45 டெசிபல். பேஸ் சத்தம் சுவரைத் தாண்டி பக்கத்து வீட்டுக்கும் போகும்.