வீட்டுக் கணினியில் சர்வர்: மாணவர்களுக்கு இலவச வைரஸ் தடுப்பு எது?

கணினித் துறை பயிலும் மாணவர்கள் சிலர், பயிற்சிக்காக வீட்டுக் கணினியிலேயே விண்டோஸ் சர்வர் இயங்குதளத்தைப் பதிந்துகொள்கின்றனர். மைக்ரோசாப்ட் அதன் சோதனைப் பதிப்பை 180 நாள்களுக்கு இலவசமாக வழங்குகிறது. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. வைரஸ் தடுப்புக்கு எங்கே போவது?

அவாஸ்ட், ஏவிஜி போன்றவற்றின் இலவசப் பதிப்புகள் சாதாரண வீட்டு விண்டோஸுக்கு உரியவை. சர்வரில் அவற்றைப் பதிய முடியாது. சர்வருக்கான பதிப்புகளோ நிறுவனங்களுக்கு ஆண்டுச் சந்தாவில் விற்கப்படுகின்றன. செலவுக்கு அஞ்சி, திருட்டுப் பதிப்பைப் பதிவிறக்கம் செய்வது ஆபத்து. வைரஸ் பல நேரங்களில் அதனுள்ளேயே ஒளிந்து வருகிறது.

கையிலேயே இருக்கும் தீர்வு

விண்டோஸ் சர்வர் 2016 முதல், மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் இயங்குதளத்துடனேயே வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. அது இயங்குகிறதா, அன்றாடம் புதுப்பிக்கப்படுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வேறொரு வைரஸ் தடுப்பைச் சேர்த்தால், வீட்டு விண்டோஸில் நடப்பதுபோல் சர்வரில் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது. இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கணினி மந்தமாகிவிடும்.

சர்வர் 2012 ஆர்2 பதிப்பில் இந்த வசதி இல்லை. அதற்கான வழக்கமான ஆதரவும் 10 அக்டோபர் 2023-இல் முடிந்துவிட்டது. பழைய வட்டு கையில் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு கிளாம்ஏவி உள்ளது. இது இலவசத் திறமூல மென்பொருள். கட்டளையிடும்போது கோப்புகளைச் சோதிப்பதே இதன் முதன்மைப் பணி. கோப்பைத் திறக்கும்போதே தடுக்க வேண்டுமானால் தனியாக அமைக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளுடன் பகிரும் கோப்புறைகளைச் சோதிக்க இது கைகொடுக்கும்.

அது மட்டும் போதாது

2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாகிரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அதை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் பதியாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின.

வீட்டு சர்வரில் நுழையும் வைரஸ் அதோடு நிற்காது. அதே வைஃபையில் இருக்கும் அப்பாவின் கணினிக்கும், தங்கையின் பள்ளிப் பாடங்களுக்கும், குடும்பப் படங்களுக்கும் தாவக்கூடும். எனவே மாணவர்கள் செய்ய வேண்டியவை:

• புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் பதிதல்.
• ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 வாயிலை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதிருத்தல்.
• சர்வரை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளுக்குள் தனியே இயக்கி, வீட்டு வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்தல்.
• முக்கியக் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி வைத்தல்.

கோப்புகள் திடீரெனப் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் செய்தி தோன்றினால், முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கேட்ட பணத்தைக் கட்டினாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மலேசியாவில் இருப்போர் சைபர்999 உதவிச் சேவையிடம் புகார் செய்யலாம்.