சயாமின் தெப்பவீடுகள்: மிதக்கும் நகரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கடல்மட்டம் உயர்ந்து வரும் இந்நாளில், வெள்ள அபாயத்துக்கு உள்ளாகும் கரையோர நகரங்களை நீரின் மேலேயே விரிவுபடுத்தலாம் என்னும் கருத்து நகரத் திட்டமிடலில் வலுப்பெற்று வருகிறது. இதற்கு நெதர்லாந்து நாட்டின் முயற்சிகளே பெரும்பாலும் முன்மாதிரியாகக் காட்டப்படுகின்றன. எனினும், தென்கிழக்காசியாவுக்கு இது புதிய கருத்தன்று. சயாம் நாட்டின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரான பேங்காக், 19ஆம் நூற்றாண்டில் ஆற்றின்மேல் மிதந்த வீடுகளையே தன் முதன்மை வணிக வீதியாகக் கொண்டிருந்தது. அவ்வாழ்க்கை முறை எவ்வாறு அமைந்தது, ஏன் மறைந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தெப்பவீடுகளின் அமைப்பு

1782ஆம் ஆண்டில் முதலாம் இராமா மன்னர் பேங்காக்கைத் தலைநகராக்கினார். சாவ் பிராயா ஆற்றின் இருமருங்கும் தாழ்வான சதுப்பு நிலமாக இருந்தது. கடலின் ஓதமும் ஆற்றின் பருவ வெள்ளமும் அங்கு இயல்பான நிகழ்வுகள். 1822இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் தூதராக அங்குச் சென்ற ஜான் கிராஃபர்ட், ஆற்றங்கரையோரம் வரிசையாக மிதந்த வீடுகளையும் அவற்றில் நடைபெற்ற சீனரின் வணிகத்தையும் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அடுத்த ஆண்டே சிங்கப்பூரின் ரெசிடெண்ட் பதவியை ஏற்றவரும் இவரே.

'ருவான் பே' எனப்பட்ட இவ்வீடுகளைத் தெப்பவீடுகள் எனலாம். மூங்கில் கட்டுகளின் மீது மரவீடு அமைக்கப்பட்டு, ஆற்றில் நடப்பட்ட கம்பங்களோடு பிணைக்கப்பட்டது. நீர் உயர்ந்தால் வீடும் உயர்ந்தது, வடிந்தால் தாழ்ந்தது. உளுத்துப்போன மூங்கில்களை மாற்றிக்கொள்ளவும், தேவைப்பட்டால் வீட்டையே அவிழ்த்து வேறிடத்துக்கு இழுத்துச் செல்லவும் இயன்றது. வெள்ளத்தைத் தடுப்பதன்று, அதனோடு இசைந்து வாழ்வதே இவ்வமைப்பின் அடிப்படையாகும்.

மறைவின் காரணங்கள்

1855ஆம் ஆண்டின் பௌரிங் உடன்படிக்கைக்குப் பின் ஐரோப்பியர் பேங்காக்கில் பெருகினர். அவர்களது வேண்டுகோளை ஒட்டி 1862 முதல் 1864 வரை சரோன் குருங் சாலை அமைக்கப்பட்டது. சாலையோரங்களில் கடைவீடுகள் எழுந்தன. வணிகம் படிப்படியாகக் கரையேறியது. 1901இல் சயாமில் நவீன நிலப்பட்டா முறை அறிமுகமானது. நிலம் விற்கவும் அடகு வைக்கவும் உரிய சொத்தாயிற்று. தெப்பவீட்டுக்கோ நிலமில்லை, கட்டிவைக்க இடம் மட்டுமே உண்டு. 1913ஆம் ஆண்டின் நீர்வழிப் போக்குவரத்துச் சட்டம் அதனைத் தன் வரம்புக்குள் கொணர்ந்தபோது, வீடு கலங்களோடு சேர்த்து எண்ணப்பட்டது. ஆகவே, தெப்பவீடு தொழில்நுட்பத்தில் தோற்றதாகக் கருத இயலாது. பொருளியலிலும் சட்டத்திலும் அது தன் இடத்தை இழந்தது என்பதே பொருந்தும்.

நிலத்தை நாடிய நகரம் அதற்குரிய விலையையும் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாயின. நிலத்தடி நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்டதால் நிலமும் தாழ்ந்தது. 2011ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் தாய்லாந்தில் 800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் 2013இல், வெள்ளம் வந்தால் மிதந்தெழும் சோதனை வீடொன்றைத் தேசிய வீடமைப்பு ஆணையம் அயுத்தயா மாநிலத்தில் அமைத்தது. கைவிடப்பட்ட பழைய அறிவு எஃகு மிதவையோடு மீண்டு வந்தது எனலாம்.

முடிவுரை

தெப்பவீட்டை மிகைப்படுத்திப் போற்றுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அது அலையடங்கிய ஆற்றில் நிலைத்ததேயன்றித் திறந்த கடலில் அன்று. அதன் கழிவுகளும் ஆற்றிலேயே கலந்தன. பல இலட்சம் மக்கள் வாழும் நகரை அவ்வாறே மிதக்கவிடவும் இயலாது. ஆயினும் பேங்காக்கின் வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. வீட்டை மிதக்கச் செய்வதினும், மிதக்கும் வீட்டில் வாழ்பவருக்கு நிலையான குடியுரிமை இடமும், கடன்பெறும் தகுதியும், குடிநீரும் கழிவகற்றும் வசதியும் உறுதிசெய்வதே கடினம். இன்றைய மிதக்கும் நகரத் திட்டங்கள் இவ்வினாவுக்கு முதலில் விடை காணவேண்டும். இல்லையேல் அவை வசதி படைத்தோரின் நீர்மேல் மாளிகைகளாக முடியும். வெள்ளத்தில் முதலில் மூழ்கும் எளியோர் கரையிலேயே விடப்படுவர்.