அங்கிள்ஸ் ஆர்மி: வயசான ஆட்டக்காரர்களை வாங்கிப்போட்ட கதை

2018 ஜனவரி 27, 28. சனி, ஞாயிறு. பெங்களூரில் ஐ.பி.எல். ஏலம். இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வருகிறது. (2013 சூதாட்ட விவகாரம், 2015 ஜூலையில் லோதா குழுவின் தீர்ப்பு, அப்புறம் மஞ்சள் சட்டையே இல்லாத இரண்டு சீசன்... அது ஒரு தனிக்கதை, இங்கே வேண்டாம்.) ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டீக்கடை டி.வி.களில் அந்த வார இறுதியில் அதுதான் பேச்சு.

தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் ஏலத்துக்கு முன்பே தக்கவைத்தாகிவிட்டது. மிச்சம் யாரை எடுக்கப்போகிறார்கள் என்று பார்த்தால்... ஷேன் வாட்சன், வயது 36, 4 கோடி. ஹர்பஜன் சிங், 37, 2 கோடி. இம்ரான் தாஹிர், 38, 1 கோடி. பிராவோ, 34, 6.4 கோடி. டு பிளெஸ்ஸி, 33. ராயுடு, கேதார் ஜாதவ் இருவருக்கும் 32. கேப்டன் தோனிக்கே 36.

ரசிகனுக்கு எப்படி இருக்கும்? "இன்னாபா, டீம் எடுக்கச் சொன்னா முதியோர் இல்லம் எடுத்து வெச்சிருக்காங்க" என்கிற ரகத்தில்தான் பேச்சு போனது. 'டாட்ஸ் ஆர்மி' என்று பேப்பரில் எழுதினார்கள். இங்கே அது 'அங்கிள்ஸ் ஆர்மி' ஆனது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வயதைவிடப் பெரிய காரணம். அஸ்வினுக்குச் சென்னை கொஞ்ச தூரம் ஏலம் கேட்டுவிட்டு விட்டுவிட்டது. 7.6 கோடிக்குப் பஞ்சாப் போனார். தினேஷ் கார்த்திக் 7.4 கோடிக்குக் கொல்கத்தா. 18 வயது வாஷிங்டன் சுந்தர் 3.2 கோடிக்குப் பெங்களூரு. நடராஜன் 40 லட்சத்துக்கு ஹைதராபாத். முரளி விஜய், ஜெகதீசன் என்று ஓரிருவரைத் தவிர நம்ம ஊர்ப் பசங்கள் எல்லாம் வேறு சட்டையில். 40 லட்சத்துக்கு நடராஜன் கிடைக்கும்போது 2 கோடிக்கு ஹர்பஜன் எதற்கு என்ற கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

வடசென்னைக்கு இந்த விவாதம் புதிது இல்லை. ஆள் மாறுவது, ஆளை எடுப்பது எல்லாம் அங்கே டென்னிஸ் பால் கிரிக்கெட்டிலேயே வெட்டுக்குத்து வரைக்கும் போகிற சமாச்சாரம். 2007-ல் வந்த 'சென்னை 600028' படத்தின் முடிச்சே ராயபுரம் அணியில் ஆடுகிற ஒரு பையன் குடும்பத்தோடு எதிரி ஏரியாவுக்குக் குடிமாறிப் போவதுதானே!

வயதாகிப்போன வீரனைப் பார்க்க அடித்துப்பிடித்துப் போவதும் புதிது இல்லை. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த நேரம். குத்துச்சண்டைப் பரம்பரைகள் ஊறிய வடசென்னைக்கு அது எப்பேர்ப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அலிக்கு அப்போது 38. அதே வருடம் அக்டோபர் 2-ம் தேதி நிஜமாகவே வளையத்துக்குத் திரும்பிப்போய் லாரி ஹோம்ஸிடம் பரிதாபமாகத் தோற்றார். காட்சிப் போட்டிக்கு 38 போதும். நிஜப் போட்டிக்கு?

இது வெறும் விளையாட்டுக் கேள்வியும் இல்லை. எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று தொழிற்சாலைகளைச் சுற்றியே வளர்ந்த பகுதி அது. 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை, இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது என்று 2017 மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள். அதற்குப் பத்தே மாதம் கழித்துத்தான் இந்த ஏலம். பழைய கையை வைத்துக்கொள்வதா, புதுக் கையை எடுப்பதா என்பது பல வீடுகளில் சோற்றோடு சேர்த்துப் பேசப்படுகிற விஷயம். 36 வயது வாட்சனைக் கிழவன் என்று திட்டியவர்களில் 36 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேரோ!

சரி, சீசனுக்கு வரலாம்.

ஏப்ரல் 7, வான்கடே, மும்பையுடன் முதல் ஆட்டம். தோல்வி நிச்சயம் என்று டி.வி.யை அணைக்கிற நேரத்தில் பிராவோ 30 பந்தில் 68 அடித்தார். தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் வெளியே போயிருந்த கேதார் ஜாதவ் கடைசி ஓவரில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து வெற்றி ரன்களை அடித்தார். ஒரு விக்கெட்டில் ஜெயம். மறுநாள் விசில் பறந்தது. ஆனால் ஜாதவ் அதோடு அந்த சீசனுக்கே அவுட். அங்கிள்ஸ் ஆர்மியின் பலம், பலவீனம் இரண்டுமே முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 10-ல் கொல்கத்தாவுடன் சேப்பாக்கத்தில் ஆட்டம். அதுதான் அந்த வருடம் சேப்பாக்கத்தில் நடந்த ஒரே ஐ.பி.எல். ஆட்டம். காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தது, மைதானத்துக்குள் செருப்பு பறந்தது, மிச்சம் இருந்த ஆறு ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, கடற்கரையில் பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கம் போக இரண்டு வருடமாகக் காத்திருந்தவன் என்ன செய்வான்? சுமார் ஆயிரம் ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டு புனேவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த ஆட்டத்தில்தான், ஏப்ரல் 20-ல், வாட்சன் 57 பந்தில் 106.

மே 27 இறுதிப் போட்டி எல்லோருக்கும் மனப்பாடம். ஹைதராபாத் 178. வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. "அங்கிளுக்கு கண்ணு தெரியலடா" என்று கிண்டல் ஆரம்பித்த நேரத்தில் அடிக்கத் தொடங்கி, 57 பந்தில் 117 நாட் அவுட். சீசனில் ராயுடு 602 ரன், வாட்சன் 555, தோனி 455. வயதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், உடல்தகுதிதான் முக்கியம் என்கிற பொருளில் தோனி பேசினார். ஜனவரியில் திட்டியவர்கள் எல்லாம் மே மாதத்தில் 'அனுபவம்டா' என்றார்கள். :-)

ஆனால் 'அனுபவம்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது தப்பு. அந்த அணியின் வேகப்பந்து வீச்சைப் பாருங்கள். லுங்கி இங்கிடி, 22 வயது, 50 லட்சம், ஏழே ஆட்டத்தில் 11 விக்கெட். தீபக் சாஹர் 25 வயது, 80 லட்சம். ஷர்துல் தாக்கூர் 26 வயது, 16 விக்கெட். ஓடி வந்து உடம்பை முறித்துப் போடுகிற வேலையில் பெரும்பகுதி இளசுகளிடம். பெரிசுகள் நின்றது எங்கே? தொடக்க பேட்டிங், சுழல், கடைசி ஓவர்களின் கணக்கு வழக்கு. ஒரு சுழலருக்கு ஆட்டத்துக்கு 24 பந்துதான், ஒரு பேட்ஸ்மேன் 30 பந்து நின்றாலே பெரிசு. 38 வயதில் ஐந்து நாள் டெஸ்ட் ஆடுவது வேறு, ஏழு வாரத்தில் 14 ஆட்டத்தில் தலைக்கு 24 பந்து போடுவது வேறு. மற்ற அணிகள் அடுத்த மூன்று வருடத்துக்கு ஆள் தேடின. அதனால் கிழவர்களின் விலை விழுந்தது. சென்னை அடுத்த மே மாதத்துக்கு ஆள் தேடியது. தாஹிருக்குக் கொடுத்த அந்த 1 கோடி, அவருக்கு 40 வயதான 2019 சீசனில் 26 விக்கெட்டும் ஊதா தொப்பியுமாகத் திரும்பி வந்தது.

இதன் மறுபக்கமும் அதே 2019-ல்தான். மே 12, ஹைதராபாத், மும்பையுடன் இறுதிப் போட்டி. வாட்சன் 59 பந்தில் 80, கடைசி ஓவரில் ரன் அவுட். ஒரே ரன்னில் தோல்வி. முழங்காலில் ரத்தம் கசிந்து பேண்ட் சிவந்திருந்ததை மறுநாள் படத்தில் பார்த்துத்தான் ஊரே அறிந்தது. ஆறு தையல் போட்டார்கள் என்று ஹர்பஜன் சொன்னார். அன்றைக்கு அவரைக் கிழவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அந்த அணி இன்னொரு வருடம் தாங்குமா என்ற கேள்வியும் அங்கேதான் கிடந்தது.

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு இது பழகிய கேள்வி. 1983-ல் பிலடெல்ஃபியா பில்லிஸ் அணி 42 வயது பீட் ரோஸ், 41 வயது டோனி பெரஸ், 40-ஐத் தொட்ட ஜோ மார்கன் மூவரையும் ஒன்றாக வைத்து ஆடியது. அதே அணியின் 1950-ம் வருடத்து இளம் பட்டாளத்துக்கு 'விஸ் கிட்ஸ்' என்று பெயர். இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று கிண்டலாக 'வீஸ் கிட்ஸ்' என்று வைத்தார்கள். அவர்கள் வேர்ல்டு சீரீஸ் வரை போய்த் தோற்றார்கள். அடுத்த வருடம் மூவருமே அந்த அணியில் இல்லை. அணி நான்காம் இடம். ஒன்றாக வாங்கிய கிழவர்கள் ஒன்றாகவே கிழவர்களாகிறார்கள்!

சென்னைக்கு அந்த வருடம் 2020. அமீரகத்தில் நடந்த சீசன். ரெய்னாவும் ஹர்பஜனும் வரவில்லை. ஜாதவின் மட்டை நகரவில்லை. முதல்முறையாக பிளே-ஆஃப் இல்லை, ஏழாம் இடம். அக்டோபர் 19-ல் ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளைஞர்களிடம் பெரிதாக 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற பொருளில் தோனி பேசியதுதான் பற்றிக்கொண்டது. ஜாதவிடமும் சாவ்லாவிடமும் ஸ்பார்க்கைக் கண்டாரா என்று கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தொலைக்காட்சியில் வெடித்தார். இரண்டு வாரத்துக்குள் ருதுராஜ் கெய்க்வாட் வரிசையாக மூன்று அரைசதம் அடித்துப் பதில் சொன்னார்.

2021 ஜனவரியில் 35 வயது ராபின் உத்தப்பாவை ராஜஸ்தானிடமிருந்து வாங்கியபோது மறுபடியும் அதே பாட்டு. அக்டோபரில் ரெய்னாவின் இடத்தில் இறங்கி, டெல்லிக்கு எதிரான பிளே-ஆஃபில் 44 பந்தில் 63, இறுதியில் 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு. அந்த சீசனில் 24 வயது கெய்க்வாட் 635 ரன், 37 வயது டு பிளெஸ்ஸி 633. வெறும் இரண்டு ரன் வித்தியாசம்! 2018-ன் கணக்கு மறுபடி சரியாக விழுந்தது இங்கேதான், ஒரு பெரிசு, ஒரு சிறுசு.

அடுத்த ஏலத்தில், 2022 பிப்ரவரியில், ரெய்னாவை யாருமே கேட்கவில்லை. சென்னையும்தான். 'சின்ன தல' என்று கட்அவுட் வைத்த ஊரில் அது ஒரு சாவு வீட்டு மௌனம். கணக்குப்படி சரியான முடிவு. மனசுப்படி? ஹூம். 2018-ல் கிழவனை ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களே இப்போது கிழவனை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள்.

2023-ல் 34 வயது ரஹானேவை அடிப்படை விலை 50 லட்சத்துக்கு எடுத்து, வான்கடேயில் 27 பந்தில் 61 அடிக்கவைத்து, கடைசியில் கோப்பையும் ஜெயித்தார்கள். இம்பாக்ட் பிளேயர் விதியும் அந்த வருடம்தான் வந்தது. ராயுடுவைப் பல ஆட்டங்களில் ஃபீல்டிங்குக்கு நிறுத்தாமல் பேட்டிங்குக்கு மட்டும் இறக்க முடிந்தது.

சூத்திரம் கைவந்துவிட்டது என்று தோன்றிய இடத்தில்தான் 2025. 2018-ல் விட்ட அஸ்வினை இப்போது 9.75 கோடிக்கு எடுத்தார்கள், 38 வயதில். தாஹிரை வாங்கியதும் அதே 38-ல்தான், ஆனால் விலையைப் பாருங்கள். மலிவாகக் கிடைத்ததுதான் பழைய கணக்கின் உயிர், அது இங்கே இல்லை. 43 வயது தோனி 4 கோடிக்கு, சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற கணக்கில். ரஹானே ரகத்தில் இன்னொருவர் கிடைப்பார் என்று திரிபாதி, விஜய் சங்கர். மார்ச் 28-ல் பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் ஜெயித்தது. அன்று தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. ஏப்ரல் 11-ல் அதே சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் 103 ரன். அஸ்வின் 9 ஆட்டத்தில் 7 விக்கெட். சரித்திரத்தில் முதல்முறையாகக் கடைசி இடம். சீசனின் நடுவில் வந்து சேர்ந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருவுடன் 94 அடித்ததுதான் பார்க்கும்படியாக இருந்தது.

2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். சென்னை 20 வயது பிரசாந்த் வீரையும் 19 வயது கார்த்திக் சர்மாவையும் தலைக்கு 14.2 கோடி கொடுத்து வாங்கியது. இரண்டு பேர் வயதையும் கூட்டினாலும் தோனியின் வயதுக்கு ஐந்து குறைகிறது. டீக்கடையில் அடுத்த கேள்வி தயார்: "சின்னப் பசங்களுக்கு இத்தனை கோடியா? அனுபவம் வேணாமாபா?"