கோட்டை மருந்தும் கொல்லை மாவளியும்

செஞ்சிக்கோட்டைக்கு வர்றவங்க ராஜகிரி உச்சி வரைக்கும் மூச்சு வாங்க ஏறி, அங்க கிடக்குற பீரங்கியைப் பார்த்துட்டு, "இதை எப்படி மேல ஏத்தினாங்க?"ன்னு கேப்பாங்க. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா விவசாயியான எனக்கு வேற ஒண்ணு தோணும். இதுக்கு மருந்து எங்கேருந்து வந்துச்சு?

அந்தக் கால வெடிமருந்துக்கு மூணே சரக்கு: வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்புன்னா ஏதோ ராஜ ரகசியம் இல்லைங்க. மாட்டுக் கோமியமும் சாணியும் வருஷக்கணக்கா ஊறின மண்ணுல பூக்கிற உப்பு. அந்த மண்ணைச் சுரண்டி, கரைச்சு, வடிகட்டிக் காய்ச்சுவாங்க. நாம இன்னைக்குப் பயிருக்குப் போடுற பொட்டாசியம் நைட்ரேட் உரமும் இதே உப்புதான். பீகார்ல பாட்னா பக்கத்துலேருந்து இதைக் கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போய்த்தான் ஐரோப்பாக்காரன் சண்டை போட்டான். கந்தகம் நம்ம மண்ணுல கிடையாது, வெளியேருந்து வரணும். கரி மட்டும் எந்த ஊர்லயும் கிடைக்கும். துவரை மிளாறு கரிக்கு மருந்து செய்யறவங்க கிட்ட நல்ல பேர் இருந்துச்சு. மூணுல ரெண்டு மாட்டுக்கொட்டாயிலும் கொல்லையிலும் விளையற சரக்குன்னு பாருங்க.

1690-ல ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை வளைச்சப்ப உள்ள இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல. இத்தனை வருஷம் இழுத்ததுக்குக் காரணம் மலையும் மதிலும் மட்டும் இல்ல. வெளிய இருந்த படைக்கே சோறும் மருந்தும் தட்டுப்பாடு. சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரங்க கிட்ட மருந்து கேட்டு வாங்குற நிலைமை சுல்பிகர் கானுக்கு.

அந்தக் கோட்டையை 1750 செப்டம்பர்ல பிரெஞ்சுக்காரங்க ஒரே ராத்திரியில பிடிச்சாங்க. புஸ்ஸி முன்னால போனார். தரையில இருந்த வெளிவாசல் கதவுல மருந்து அடைச்ச கலத்தைப் பொருத்தி வெடிக்க வெச்சு, இருட்டுறதுக்குள்ள உள்ள நுழைஞ்சாச்சு. அப்புறம் நிலா மறையற வரைக்கும் காத்திருந்து, மூணு மலையிலயும் ஒரே நேரத்துல ஏறினாங்க. உச்சிக் கதவுகளுக்கும் அதே வெடிதான். விடியும்போது கோட்டை அவங்க கையில. 1761-ல பாண்டிச்சேரி விழுந்த கொஞ்ச மாசத்துல இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு. செஞ்சியோட சண்டைக் கதை கிட்டத்தட்ட அத்தோட சரி.

கோட்டையில மருந்து தீர்ந்தாலும் ஊர்க்காரனுக்கு நெருப்பு மேல இருக்குற ஆசை தீரல. திருவிழாவுல சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போடாட்டி பெருசுங்க முகம் சுருங்கிடும். ஆனா வேட்டு போடறது அந்தத் தொழில் தெரிஞ்சவங்க வேலை. 1884-லயே வெடிபொருள் சட்டம் வந்து, உரிமம் இல்லாம யாரும் செய்யக்கூடாதுன்னு ஆயிடுச்சு. அப்படின்னா சம்சாரி தன் கையால பண்ணி விளையாடுற வாணம் எது?

மாவளிதாங்க. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் கார்த்திகை தீபத்தன்னைக்குச் சுத்துவோம். ஆண்பனையில காய்ஞ்சு விழுற பூக்கதிரைப் பொறுக்கி, பள்ளத்துல போட்டுக் கொளுத்தி, சாம்பலாகறதுக்கு முன்ன மண்ணைப் போட்டு மூடணும். மறுநாள் எடுத்தா கறுகறுன்னு கரி. அம்மியில மையா அரைச்சு, பழைய பருத்தி வேட்டித் துணியில நீளமா அடைச்சு, இறுக்கிக் கட்டி, பனைமட்டைக்கு நடுவுல வெச்சுக் கயிறு கோக்கணும். மேல ஒரு தணல். சுத்தினா வட்டம் வட்டமா பொன்னிறப் பொறி. "மாவளியோ மாவளி"ன்னு பசங்க கத்துற சத்தம் ஏரிக்கரை தாண்டிக் கேக்கும்.

இதுல உப்பும் இல்ல, கந்தகமும் இல்ல. வித்தியாசமே அங்கதான். வெடியுப்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னோடயே வெச்சிருக்கு. அதனால அடைச்ச குழாய்க்குள்ளயும் மருந்து எரியும், வெடிக்கும். மாவளிக் கரிக்குக் காத்து வெளியேருந்துதான் வரணும். சுத்தற வேகம்தான் அதுக்குத் துருத்தி. கை ஓய்ஞ்சா நெருப்பும் ஓய்ஞ்சிடும். துணியில பொறி படாம தள்ளி நின்னு சுத்தணும், அவ்வளவுதான்.

நெருப்பாசையோட இன்னொரு முகமும் இருக்கு. மல்லாட்டைக் கொல்லையைப் பன்னி கிளறிப் போடுதுன்னு சிலர் அவுட்டுக்காய் வைக்கிறாங்க. தீனிக்குள்ள மறைச்ச வெடி அது. என் கொல்லையிலும்தான் பன்னி புகுது, அந்த வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனா அவுட்டுக்காய்க்குப் பன்னி எது, மேய்ச்சலுக்குப் போன பசு எதுன்னு தெரியாது. கடிச்சது எதுவோ அதோட தாடை போயிடும். 2020 மே மாசம் கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம் சினை யானை வாய் கிழிஞ்சு ஆத்துத் தண்ணியிலயே நின்னு செத்ததை மறந்திருக்க மாட்டீங்க. 1908-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி ஜெயில் வேற. பாவத்தைச் சொல்லிக் கேக்காதவன் அதையாவது யோசிக்கட்டும்.

மாவளிக்கு வந்திருக்குற ஆபத்து வேற மாதிரி. ஆண்பனை காய்க்காதுன்னு முதல்ல அதைத்தான் வெட்டுறாங்க. பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசு அறிவிச்ச பிறகும் செங்கல் சூளைக்குப் போற வண்டியில பனைதான் கிடக்குது. எங்க ஏரிக்கரையில பூ விடுற மரம் இன்னும் கொஞ்சம் நிக்குது. ஐப்பசி மழை விட்டதும் பசங்களைக் கூட்டிக்கிட்டு பூப்பொறுக்கப் போகணும். ஈரம் ஏறிட்டா கரி சரியா வராது.