சுயமுன்னேற்றப் புத்தகம் யாருக்காக?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஆற அமரப் படியுங்கள்.

உங்களில் பலர் சுயமுன்னேற்ற நூல்களை விரும்பிப் படிக்கிறீர்கள். அதிகாலையில் எழுவது எப்படி, நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, கெட்ட பழக்கத்தை விடுவது எப்படி என்று தினமும் யாராவது ஒருவர் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். எனக்கு மகிழ்ச்சிதான். நாங்கள் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்திலும் எம்.எஸ். உதயமூர்த்தியின் "எண்ணங்கள்", அப்துற்-றஹீமின் "வாழ்க்கையில் வெற்றி" போன்ற நூல்கள் விடுதியில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போகும்.

ஆனால் படித்ததை எங்கே, யார்மீது பயன்படுத்துகிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்ல வரலாற்றிலிருந்து மூன்று பேரை அழைத்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் செய்த அதே வேலைதான். மணி அடிக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதலாமவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்றவர். வீட்டில் 17 பிள்ளைகள். பிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மின்னல் ஆராய்ச்சியும் அரசியலும் பிற்பாடு வந்தவை.

வாலிப வயதில் அவர் ஒரு காரியம் செய்தார். தனக்கு வேண்டிய நற்குணங்களைப் பட்டியல் போட்டார். உணவில் அளவு, வீண்பேச்சு பேசாமை, ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நேர்மை, நீதி, மன அமைதி என்று 12 வந்தன. பட்டியலை நண்பர் ஒருவரிடம் காட்டியபோது, "உமக்குத் தலைக்கனம் அதிகம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்" என்று சொல்லி, அதற்கு உதாரணங்களும் கொடுத்தாராம் அவர். பிராங்க்ளின் கோபித்துக்கொள்ளவில்லை. பணிவு என்று 13-ஆவது குணத்தைச் சேர்த்தார்.

பிறகு ஒரு சின்ன நோட்டில் பக்கத்துக்கு ஒரு குணம், வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கட்டம் என்று கோடு கிழித்தார். தவறு நேர்ந்த நாளில் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி. 13 குணங்களையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றில் மட்டும் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு வருடத்துக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டதாம். துடைத்துத் துடைத்து எழுதத் தோதாகப் பிறகு தந்தத் தகடுகளுக்கு மாறினார். இன்று செல்போனில் பழக்கங்களைக் கணக்கு வைக்கும் செயலிகளுக்கெல்லாம் பாட்டன் இந்த நோட்டுதான்.

எல்லாக் குணமும் அவருக்குக் கைகூடியதா? இல்லை. ஒழுங்கு கடைசிவரை வசப்படவில்லை. பொருளை எடுத்த இடத்தில் வைப்பது பெரும்பாடாக இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த முயற்சியால் தான் மேம்பட்டதாகவும் மகிழ்ச்சியாக வாழ்ந்ததாகவும் வயதான காலத்தில் குறித்து வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நோட்டில் நீதி என்று ஒரு பக்கம் இருந்தது. அதே காலத்தில் அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள்! அந்தக் கட்டத்தில் அதற்கான கரும்புள்ளி விழவில்லை. தன் கண் பழகிப்போனதைத் தன் நோட்டு காட்டிக்கொடுக்காது. பல ஆண்டுகள் கழித்து, வாழ்வின் கடைசிப் பகுதியில், 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1790-ல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனு அவர் கையெழுத்துடன் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனது. தலைக்கனத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நண்பர் வேண்டியிருந்தது போலவே, பெரிய குறைகளைப் பார்க்கவும் வெளியிலிருந்து ஒரு கண் வேண்டியிருக்கிறது.

இரண்டாமவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். 1812-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர். அவருடைய அப்பா 1832-ல் காலராவில் இறந்துபோனார். அம்மா கடையை நடத்திப் பிள்ளைகளைக் கரையேற்றினார். ஸ்மைல்ஸ் பிறகு இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்து பத்திரிகை ஆசிரியரானார். ஆலைகளும் புகையும் நிறைந்த ஊர் அது.

அங்கே இரண்டு மூன்று இளம் தொழிலாளிகள் மாலை வேளையில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று தொடங்கினார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும், இன்னொருவருக்குக் கணக்கு. கூட்டம் ஏறக்குறைய நூறு பேராகப் பெருகியது. குளிர்காலம் வந்ததும் வாடகைக்கு ஓர் இடம் தேடினார்கள். கிடைத்தது, காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக ஆஸ்பத்திரியாக இருந்த ஓர் அழுக்கு அறை. பயந்துகொண்டு யாரும் வாடகைக்கு எடுக்காத இடம். இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்து ஏதாவது பேசுங்கள் என்று ஸ்மைல்ஸைக் கூப்பிட்டார்கள். காலராவுக்கு அப்பாவைப் பறிகொடுத்தவர், அந்த அறைக்குப் போய்ப் பேசினார். நடந்தது 1845-ல்.

வருடங்கள் ஓடின. ஒரு நாள் மாலை, வார்ப்படப் பட்டறையிலிருந்து நேராக வந்தவர் போல் தெரிந்த ஓர் இளைஞர் அவரைத் தேடி வந்தார். அன்று பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர். இப்போது தானே நாலு பேருக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லி நன்றி தெரிவித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சுகளைப் புத்தகமாக்கும் எண்ணம் ஸ்மைல்ஸுக்கு வலுப்பட்டது. ஒரு பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 1859-ல் "செல்ஃப் ஹெல்ப்" என்ற பெயரில் வெளிவந்தது. முதல் வருடமே 20,000 பிரதிகள் விற்றன. டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" நூலை அதே வருடம் வெளியிட்டவரும் அதே பதிப்பாளர்தான். 1871-ல் ஜப்பானிய மொழிக்கும் போய், அங்கே ஒரு தலைமுறையே அதைப் படித்தது.

சுய உதவி என்ற பெயரை வைத்துக்கொண்டு, அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்ளச் சொல்லும் நூல் என்று பலர் நினைத்தார்கள். அந்தத் தலைப்பை வைத்திருக்க வேண்டாமோ என்று ஸ்மைல்ஸே பின்னால் ஒரு முன்னுரையில் வருந்தினார். பிறருக்கு உதவுவதும் தன்னை உயர்த்திக்கொள்வதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது அவர் கருத்து. நூல் பிறந்த இடத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த அந்த அறையில் தனியாக முன்னேறியவர் யாருமில்லை.

1875-ல் சிக்கனத்தைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். அதில் சாக்கடை சரியில்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல் காலராவும் காய்ச்சலும் பரவும்போது, யார் பொறுப்பு என்று கேட்டால் "யாருமில்லை" என்று பதில் வருகிறதே என்று கொதித்து எழுதியிருக்கிறார். தனிமனித உழைப்பைப் போற்றியவர்தான். ஆனால் ஊர்ச் சாக்கடையை ஏழையின் சோம்பலில் அவர் கணக்கு வைக்கவில்லை.

மூன்றாமவர் நம்மவர். அவரிடம் போவதற்கு முன் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரைப் பற்றி இரண்டு வரி. 1864-ல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா போன அப்பா, போன இடத்திலேயே கொல்லப்பட்டார். 15 வயதில் ஆலன் படிப்பை விட்டு ஆலை வேலைக்குப் போனார். பின்னாளில் எழுத்தாளராகி, மனிதனின் எண்ணமே அவன் வாழ்வை உருவாக்குகிறது என்று ஒரு சிறு நூல் எழுதினார். இன்றும் உலகம் முழுக்க விற்பனையாகிறது.

அந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை! 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். அதே வருடம் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது வ.உ.சி.க்கு 35 வயதுதான். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் சிறைக்காலத்தில்தான் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். "மனம்போல வாழ்வு" என்று பெயர் வைத்தார். நம் வீட்டுப் பாட்டிகள் வாழ்த்தும்போது சொல்கிற வாக்கிலிருந்தே தலைப்பை எடுத்திருக்கிறார் பாருங்கள். 1909-ல் அது வெளிவந்தது. "அகமே புறம்", "வலிமைக்கு மார்க்கம்", "சாந்திக்கு மார்க்கம்" என்று ஆலனின் மேலும் சில நூல்களையும் அவரே தமிழில் தந்தார்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். மனம்போல வாழ்வு என்றால், வ.உ.சி. செக்கிழுத்தது அவர் மனம் சரியில்லாததாலா? கம்பெனி நொடித்துப்போனது அவர் எண்ணத்தில் கோளாறு இருந்ததாலா? 1912-ல் விடுதலையான பிறகு வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லாமல், குடும்பத்தோடு வறுமையில் உழன்றாரே, அதற்கும் அவர் சிந்தனைதான் காரணமா? அப்படிச் சொல்ல நம்மில் யாருக்காவது நாக்கு எழுமா?

அவர் அந்த நூலை எப்படிப் பயன்படுத்தினார் என்பது அவர் செய்த காரியங்களில் தெரிகிறது. எழுதினார். மொழிபெயர்த்தார். "மெய்யறம்" என்று ஒரு நீதிநூல் இயற்றினார். மனத்தைத் தளரவிடாமல் காக்க அகத்தைப் பழக்கினார். கூடவே தண்டனையை எதிர்த்து மேல்முறையீடும் செய்தார், தண்டனை குறைந்தது. எண்ணத்தைச் சரிசெய்தால் போதும் என்று மனுப் போடாமல் இருந்துவிடவில்லை. பல வருடம் கழித்து, பறிபோன வக்கீல் உரிமை திரும்பக் கிடைக்க வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவினார். அந்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தன் மனவலிமையை நம்பியவர், பிறர் செய்த உதவியையும் பெயராக வைத்துக் கூப்பிட்டார்.

வரலாறு முடிந்தது. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சில மாதங்களுக்கு முன்பு நம் சொந்தத்தில் ஒரு பையனுக்கு வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு. அவனோடு சேர்த்துப் பல பேரை நிறுத்தினார்கள். குடும்பக் குழுவில் அவன் அதைச் சொன்ன அன்றிலிருந்து வெற்றிப் பொன்மொழிகள் கொட்டின. விழித்தெழு, மனநிலையை மாற்று, வென்றவர்கள் சாக்குச் சொல்வதில்லை என்று ஆளுக்கொரு படம். நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார்கள். பையன் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். இந்த மாத வாடகைக்கு என்ன செய்யப் போகிறாய், உன் விண்ணப்பத்தை எனக்குத் தெரிந்த இடத்தில் கொடுக்கட்டுமா என்று யாராவது போன் போட்டுக் கேட்டிருந்தால் அவன் இருந்திருப்பான்.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருவான். "காலம் பொன் போன்றது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டும் மாறவில்லை. விசாரித்தால், விடியற்காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்து, சங்கத்தில் வரிசையில் நின்று ஊற்றிவிட்டு, வீட்டில் கேனை வைத்துவிட்டு ஓடி வருகிறான். எங்கள் எல்லோரையும்விட முன்னால் எழுகிறவன் அவன்! பால் சங்கச் செயலாளரிடம் போய், இந்தப் பிள்ளையின் பாலை முதலில் அளந்து அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். மறுநாளிலிருந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றான். அவனுக்குத் தேவைப்பட்டது நேர மேலாண்மைப் பாடம் இல்லை. வரிசையில் ஓர் இடம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சுயமுன்னேற்ற நூலைத் தனக்காகப் படிப்பவருக்கு அது மருந்து. அடுத்தவரை எடைபோடுவதற்குப் படித்தால், அதே நூல் நம் இரக்கத்தைக் குறைத்துவிடும். கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்து, "அவன் மனநிலை சரியில்லை" என்று சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்துவிடுகிறது, உதவ வேண்டியதில்லை. அந்த வசதிதான் இதிலுள்ள ஆபத்து.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பத்துப் பழக்கம் வேண்டாம், ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். குழந்தையிடம் கத்தாமல் பேசுவது, சாப்பிடும்போது செல்போனை எடுக்காமல் இருப்பது, கடன் வாங்கியதைச் சொன்ன தேதியில் கொடுப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். தவறிய நாளில் ஒரு புள்ளி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை, உங்களுக்கு உண்மையைச் சொல்லும் ஒருவரிடம் காட்டி, "நான் பார்க்காதது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். மனைவியோ கணவரோ இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள்; சந்தோஷமாகச் சொல்வார்கள்!

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறொருவர் பெயரை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்போது சிரமப்படும் ஒருவர். அந்தப் பெயருக்குக் கீழே அறிவுரை எழுதக் கூடாது. அவருக்காக இந்த மாதம் நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை எழுதுங்கள்.

நோட்டை எனக்குக் காட்ட வேண்டாம். நான் திருத்தப் போவதில்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்